இரண்டு குடம் தண்ணீர்

கிரேன் கம்பத்தில் ரத்தம் பூசியிருந்தது. இடது கம்பத்தில் ஒரு பூச்சு, வலது கம்பத்தில் ஒரு பூச்சு, இரண்டையும் சேர்க்கும் மேல் கட்டையின் நடுவில் ஒன்று. பூசி அதிக நேரம் ஆகியிருக்காது, ஈக்கள் இப்போதுதான் விஷயம் தெரிந்து வந்துகொண்டிருந்தன. ராஜாமணி தோள் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான். யார் செய்தது என்று கேட்பதற்கு முன்பே கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அவன் கோபம் எப்போதும் அப்படித்தான், விசாரணைக்கு முன்பே தீர்ப்பை எழுதிவிடும்.

மாரண்டஹள்ளிக்குத் தெற்கே, குப்புராஜ் என்பவரின் தோட்டத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். எண்பத்தேழாம் வருஷம், சித்திரை பிறந்து மூன்றாம் நாள். மழை இரண்டு வருஷமாகப் பெய்கிற மாதிரி ஆசை காட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்ததால், தக்காளியும் பீன்ஸும் போட்டுப் பழகிய ஆட்களெல்லாம் நிலத்தைக் கீழ்நோக்கித் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். குப்புராஜ் கிணற்றில் நாற்பதடியில் பாறை தட்டியது. இனிமேல் கடப்பாரைக்கு வேலை இல்லை, வேட்டுதான். பாறையில் துளை போட்டு, வெடிமருந்துத் தோட்டா இறக்கி, திரியைப் பற்ற வைத்துவிட்டு மேலே வந்துவிட வேண்டும். பற்ற வைக்கிறவன் ராஜாமணி.

கிணற்று விளிம்பில் நட்ட இரண்டு மரக் கம்பங்கள், மேலே குறுக்குக் கட்டை, அதில் கிணற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கப்பி. இதுதான் கிரேன். கம்பங்களுக்கு நடுவே இடுப்பு உயரத்தில் இரும்பு உருளை. பக்கத்துக்கு இருவராக நான்கு பேர் கைப்பிடியைச் சுற்றினால் கயிறு உருளையில் ஏறும், கல் நிரம்பிய தொட்டி மேலே வரும். ஆளும் அதே தொட்டியில்தான் இறங்கி ஏற வேண்டும். உருளை பின்னால் ஓடிவிடாமல் பல் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்க ஓர் இரும்புத் துண்டு உண்டு, அதற்கு நாக்கு என்று பெயர். ஆளை இறக்கும்போது நாக்கைத் தூக்கிக் கட்டுவார்கள், ஏற்றும்போது அவிழ்த்து விடுவார்கள். அந்த வேலை மாது என்பவனுடையது. மேஸ்திரி தீர்த்தகிரி, ராஜாமணியின் மனைவி பாஞ்சாலிக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

பாறையில் முதல் வேட்டு வைக்கும் நாளில் ஆத்தாளுக்கு ஒரு சேவலை அறுத்து, அதன் ரத்தத்தைக் கம்பம் இரண்டிலும் மேல் கட்டையிலும் பூசுவது இவர்கள் வழக்கம். ராஜாமணியே எத்தனையோ கிணற்றில் தன் கையால் பூசியிருக்கிறான். ஆனால் போன கிறிஸ்துமஸுக்கு அவனும் பாஞ்சாலியும் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டார்கள். ராஜாமணி என்ற பெயர் இரண்டு பக்கமும் செல்லும் என்று ஜெபவீட்டு உபதேசியார் தேவசகாயம் அதை மாற்றாமல் விட்டுவிட்டார். மற்றபடி ஆளைத்தான் மாற்ற வேண்டியிருந்தது, அது பெயர் மாற்றுகிற மாதிரி ஒரு நாளில் முடிகிற காரியமாக இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று உபதேசியார் பஸ்காவைப் பற்றிப் பேசினார். எகிப்தில் அடிமைகளாகக் கிடந்த ஜனங்கள் வீட்டுக்கு ஓர் ஆட்டுக்குட்டியை அடித்து, அதன் ரத்தத்தை வாசல் நிலையின் இரண்டு பக்கமும் மேலேயும் பூசினார்கள். சாவு வீடு வீடாக நுழைந்து தலைப்பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனபோது, ரத்தம் இருந்த வாசலை மட்டும் தாண்டிப் போயிற்று. அந்த ஆட்டுக்குட்டிதான் நம் ஆண்டவர், அவர் ரத்தம் சிந்தியாயிற்று, இனி யாருக்காகவும் எதுவும் சாக வேண்டியதில்லை என்றார். ராஜாமணிக்கு உட்கார்ந்த இடத்தில் புல்லரித்தது. இரண்டு பக்கம், ஒரு மேல் கட்டை. இது நம் கிரேன் அல்லவா. இருபது வருஷமாகக் கம்பத்தில் பூசிக்கொண்டிருந்ததன் அர்த்தம் அன்றைக்குத்தான் தனக்குப் புரிந்ததாக அவன் நினைத்தான். புரிந்தது பாதிதான் என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

மறுநாளே தீர்த்தகிரியிடம் போனான்.

"மச்சான், இந்தக் கெணத்துல சேவலு வேணாங்க. எனக்காவ ஒருத்தரு ஏற்கெனவே ரத்தம் சிந்திட்டாரு. அது போதும்."

"எங்க சிந்துனாரு?"

"எருசலேமுலங்க."

"அது எங்க இருக்குது, ஓசூருக்கு அந்தாண்டயா?"

ராஜாமணி சிரிக்கவில்லை. தீர்த்தகிரி பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான். "சரி மாப்ள. உள்ள எறங்கறவன் நீ. உசுரு உன்னுது. உனக்கு வேணாம்னா வேணாம், விடு."

அப்படிப் பேசி முடித்த பிறகுதான் வியாழக்கிழமை காலையில் ரத்தம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதுவும் பெரிய வியாழன், ஆண்டவர் கடைசிப் பஸ்காவைச் சாப்பிட்ட நாள். ராஜாமணி தீர்த்தகிரியை முறைத்தான்.

"எங்க அண்ணன ஏன் மொறைக்கிறீங்க" என்றாள் பாஞ்சாலி. கல் சுமக்கும் கூடையைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்து நின்றாள். "நாந்தான் பூசுனன். நம்ம வூட்டுச் சேவலுதான்."

"நீ ஞானஸ்நானம் வாங்குனவதான?"

"நீங்க வாங்கலாம்னீங்க, வாங்குனன். அதுக்காவ பயம் போயிடுமா? பத்த வெச்சிட்டு நீங்க மேல வர்ற வரைக்கும் நான் இங்க நின்னு சாவறேன். உங்களுக்கு என்னா, உள்ள இருக்கறீங்க."

"இந்த ரத்தத்த பூசுனா, அவரு சிந்துனது பத்தலன்னு நாம சொல்ற மாதிரி ஆவுது. புரியுதா?"

"ஆவட்டும். நாலு சொட்டு கூடச் சேந்தா என்னா கொறஞ்சா போயிடும்."

ராஜாமணி குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு கம்பத்தை நோக்கி நடந்தான்.

"மாப்ள, ஈரத் துணியில தொடச்சா போதும்" என்றான் தீர்த்தகிரி.

அவன் காதில் அது விழுந்தது, விழாத மாதிரி இருந்துகொண்டான். மேல் கட்டையில் முதலில் ஊற்றினான். பிறகு இரண்டு கம்பங்களிலும் ஊற்றி, தேங்காய் நாரால் தேய் தேய் என்று தேய்த்தான். ஒரு குடம் போதவில்லை, குப்புராஜின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இன்னொரு குடம் கொண்டுவந்தான். சிவப்புத் தண்ணீர் மரத்தில் வழிந்து, உருளையைச் சுற்றிச் செம்மண்ணில் இறங்கியது. தேய்க்கத் தேய்க்க அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை ஊறியது. ஊரே பார்க்கத் தன் விசுவாசத்தை நிரூபித்துவிட்ட பெருமை. அதை அவன் விசுவாசம் என்றே நம்பினான்.

மாது கையில் வைத்திருந்த கம்பியைக் கீழே போட்டான். "கழுவுன கம்பத்துகிட்ட நான் நிக்க மாட்டங்க, மேஸ்திரி. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது." சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பாலக்கோட்டு ரோட்டைப் பார்த்து நடந்தே போய்விட்டான்.

மிச்சம் இருந்தது தீர்த்தகிரி, ஆண்டி என்ற இன்னொரு ஆள், பாஞ்சாலி. நாலாவது கைக்குத் தோட்டக்காரர் குப்புராஜே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். நேற்றே துளை போட்டு முடித்தாயிற்று, வேலையை ஒத்திப்போட அவருக்கு மனமில்லை. தீர்த்தகிரி நாக்கைத் தூக்கிக் கட்டினான். ராஜாமணி தோட்டாப் பெட்டியோடு தொட்டியில் ஏறி நின்றான். பாஞ்சாலியைப் பார்த்தான். அவள் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிணற்றுக்குள் காற்று குளிர்ந்து, பாறைத்தூள் வாடை அடித்தது. ஆறு துளைகள். ஒவ்வொன்றிலும் தோட்டாவை இறக்கி, மண்ணை இடித்து மூடி, திரியை வெளியே இழுத்துவிட்டான். கை தன் வேலையைத் தானே செய்தது, அதில் குறை இல்லை. முதல் திரிக்குப் பீடி நெருப்பைக் கொண்டுபோனபோதுதான் விரல் நடுங்குவதைக் கண்டான்.

பற்ற வைத்தால் வெடிக்க நாலு நிமிஷம். மேலே போக இரண்டு நிமிஷம். இந்தக் கணக்கில் இருபது வருஷமாக ஒரு தப்பும் வந்ததில்லை. ஆனால் இருபது வருஷமாக மேலே மூன்று பூச்சு இருந்தது. இன்றைக்கு இல்லை. அவனே கழுவினான். சீச்சி, என்ன நினைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டியும் நடுக்கம் நிற்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தான். வட்டமாக ஒரு துண்டு வானம், அதில் கப்பியின் கறுப்பு. கம்பமும் தெரியவில்லை, ஆட்களும் தெரியவில்லை.

அப்போது அவனுக்கு ஒன்று தோன்றியது. எகிப்தில் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கும் அந்த ரத்தம் தெரிந்திருக்காது. அது வெளியே அல்லவா இருந்தது. உள்ளே கதவைப் பார்த்துக்கொண்டு, பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, தொடை நடுங்கத்தான் உட்கார்ந்திருப்பார்கள். உபதேசியார் இதைச் சொல்லவில்லை. நடுங்கினவன் வீட்டையும் சாவு தாண்டித்தான் போயிருக்கும் என்று நினைத்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது. "ஆண்டவரே, நான் பயந்துட்டன், பாத்துக்கங்க" என்று வாய்விட்டே சொன்னான். திரிகளைப் பற்ற வைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறும் சீறிக்கொண்டு புகைந்தன. தொட்டியில் ஏறிக் கயிற்றை இரண்டு முறை இழுத்தான்.

தொட்டி கிளம்பியது. பத்தடி. பதினைந்தடி. புகை அவனோடு கூடவே ஏறியது. இருபதடி வந்திருக்கும், மேலே யாரோ "ஐயோ" என்றார்கள். கயிறு தளர்ந்தது. தொட்டி சறுக்கி விழுந்தது.

கயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். பாறைச் சுவர் கண்ணெதிரே மேலே மேலே ஓடியது. கீழே திரிகளின் சீற்றம் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. ஜெபம் வரவில்லை, ஒரு வார்த்தையும் வரவில்லை. செத்தேன் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பிறகு டொக் என்று ஓர் உலுக்கல். தொட்டி நின்றுவிட்டது.

கீழே பத்தடியில் ஆறு நெருப்புப் புள்ளிகள், தோட்டாவை நெருங்கிக்கொண்டிருந்தன. எவ்வளவு நேரம் தொங்கினான் என்று பின்னால் எத்தனை முறை யோசித்தும் அவனால் சொல்ல முடியவில்லை. மேலேயிருந்து தீர்த்தகிரியின் குரல் கேட்டது. சத்தமே போடாத, பல்லைக் கடித்த குரல். "சுத்துங்கடா. நிக்காதீங்க. சுத்து, பாஞ்சாலி." தொட்டி ஒரு சாண் ஏறியது, டொக். இன்னொரு சாண், டொக். நாக்கு ஒவ்வொரு பல்லாகக் கவ்விக் கவ்வி அவனைத் தூக்கியது. விளிம்பில் தலை தெரிந்ததும் நாலைந்து கைகள் அவனைப் பிடித்து வெளியே இழுத்தன. எல்லோரும் கல் குவியலுக்குப் பின்னால் விழுந்தார்கள். விழவும் பூமி குலுங்கியது. ஆறு வேட்டுகளையும் அவன் எண்ணினான். அது தொழில் பழக்கம், சாகிற நேரத்திலும் விடாது.

கற்கள் விழுந்து அடங்கியதும் எழுந்து பார்த்தான். பாஞ்சாலி அண்ணனின் வலது கையைத் தன் முந்தானையால் சுற்றிக்கொண்டிருந்தாள். சேலை நனைந்து சொட்டியது. கம்பத்தில் ரத்தம், பல் சக்கரத்தில் ரத்தம், உருளை முழுக்க ரத்தம். காலையில் இருந்த மூன்று பூச்சு அதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆண்டி மூச்சு வாங்கச் சொன்னான். கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்த அவன்தான் கால் வழுக்கி விழுந்திருக்கிறான். விட்ட கைப்பிடி பின்னால் சுழன்று குப்புராஜின் நெஞ்சில் அடித்துத் தள்ளியது. பாஞ்சாலி மட்டும் கைப்பிடியை விடாமல் தொங்கியிருக்கிறாள், அவளையும் அது தரையைவிட்டுத் தூக்கிவிட்டது. நாக்கு இன்னும் கட்டியபடியே இருந்தது, அவிழ்த்துவிட மாது இல்லை. சுழன்றுகொண்டிருந்த பல் சக்கரத்தின் மேல் தீர்த்தகிரி பாய்ந்து, கட்டைப் பிய்த்து, நாக்கை வெறும் கையால் அழுத்திப் பிடித்தான். நாக்கு கவ்வியது, கூடவே அவன் விரல்களையும்.

ராஜாமணி உருளையைச் சுற்றி இருந்த தரையைப் பார்த்தான். செம்மண் குழைந்து சேறாகக் கிடந்தது. அதில் ஆண்டியின் கால் இழுத்துக்கொண்டு போன தடம் இரண்டு முழ நீளத்துக்குப் பளபளத்தது. சுற்றிலும் தோட்டம் முழுக்க மண் காய்ந்து வெடித்துக் கிடக்க, அந்த ஓரிடத்தில் மட்டும் ஈரம்.

இரண்டு குடம் தண்ணீர்.

குப்புராஜ் தக்காளி ஏற்றும் டெம்போவில் தீர்த்தகிரியை தர்மபுரிக்குக் கொண்டுபோனார்கள். ராஜாமணி அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அது சூடாகவும் கனமாகவும் இருந்தது. ரத்தத்தைப் பற்றி எத்தனை பாட்டு பாடியிருக்கிறான். அது இப்படி வேட்டியில் ஊறி, தொடையில் பிசுபிசுத்து, வாடை அடிக்கும் என்பது பாட்டில் இல்லை. ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் மிஞ்சின.

பார்க்க வந்த ஆண்டி, "ஆத்தாளுக்குப் பூசுனத கழுவுனா, அவ சும்மா இருப்பாளாங்க" என்று ஆரம்பித்தான். கட்டிலில் படுத்திருந்த தீர்த்தகிரி அதை வெட்டினான்.

"ஆத்தாளும் இல்ல ஒண்ணும் இல்ல. நாக்க அவுத்து விட மறந்துட்டன். என் தப்பு. மேஸ்திரின்னு பேரு, புத்தி எங்கியோ போயிட்டுது. மாதுகிட்டயும் அப்படியே சொல்லிடு."

ராஜாமணி கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். சொல்லாமல் விட்டான். மச்சானே மறந்துவிட்டேன் என்கிறார், நாக்கு மட்டும் இருந்திருந்தால் வழுக்கினால்தான் என்ன என்று மனதுக்குச் சமாதானம் சொன்னான். மனசு கேட்கவில்லை. பாஞ்சாலி அவனோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு அவன் போகவே இல்லை. சிலுவை முன்னால் போய் நிற்க வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் தீர்த்தகிரியை வீட்டுக்கு அனுப்பினார்கள். பெண்டாட்டி இல்லாத மனிதன், தங்கை வீட்டுக்குத்தான் வந்தான். அவனைப் பார்க்க வந்த உபதேசியார் ராஜாமணியைத் தனியே கூப்பிட்டார். அவர் முகம் பூரித்துப் போயிருந்தது.

"எல்லாம் கேள்விப்பட்டனுங்க தம்பி. சேவல் ரத்தத்த கழுவிட்டுத் தைரியமா எறங்குனீங்களாமே. வெடிக்கு மேல தொங்குன உங்கள ஆண்டவரு அப்படியே தூக்கிட்டாரு. நாளைக்கு ஈஸ்டர். நீங்க எழுந்து சாட்சி சொல்லணும். சுத்துப்பட்டு ஊருலேருந்தெல்லாம் வர்றாங்க."

"எனக்குப் பேச வராதுங்க ஐயா."

"நடந்தத சொன்னா போதும்."

நடந்ததைச் சொல்வதுதான் கஷ்டம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. ஈஸ்டர் காலையில் ஜெபவீடு நிரம்பி, ஓலைக் கூரைக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். கட்டு மாற்றப் பாலக்கோடு போக வேண்டியிருந்ததால் தீர்த்தகிரியும் கூட வந்து, உள்ளே வரமாட்டேன் என்று ரோட்டோரப் புளிய மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். பாட்டு முடிந்தது. உபதேசியார் ராஜாமணியைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் எழுந்தான். நூறு முகங்கள் மலர்ந்து திரும்பின. எல்லோரும் கேட்க விரும்பியது ஒன்றே ஒன்று: கோழி ரத்தம் இல்லாமல் பிழைத்தேன், அல்லேலூயா. அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் வாழ்நாள் முழுக்க அவனுக்கு அங்கே முன்வரிசை கிடைத்திருக்கும். அதில் பொய் என்றுகூட யாரும் காட்ட முடியாது.

"ஆண்டவரு என்னக் காப்பாத்துனாருங்க" என்றான். கையைத் தூக்கத் தயாராக இருந்தவர்கள் தூக்கினார்கள். "கைய எறக்குங்க. இன்னும் இருக்குது."

வாசல் வழியே புளிய மரத்தடியை ஒரு முறை பார்த்தான்.

"ரத்தத்த கழுவறேன்னு ரெண்டு கொடம் தண்ணி ஊத்துனன். தொடச்சா போதும்னு மச்சான் சொன்னாரு, நான் கேக்கல. அந்தச் சேத்துல ஆண்டி வழுக்கிட்டான். கயிறு வுட்டது அதனாலதான். எங்க மச்சானுக்கு மூணு வெரலு போனதும் அதனாலதான். அவரு மேல தப்பில்ல. எம்மேல தப்பு. மூணு நாளா மறைச்சிட்டன்." மூச்சு வாங்கினான். "எனக்காவ ரத்தம் சிந்தியாச்சு, எனக்கு இனி எதுவும் வேணாம்னு பெருமையா பேசுனனுங்க. சிந்துறதுன்னா என்னான்னு தெரியாம பேசிட்டன். வியாழக்கெழமதான் பாத்தன். ஒருத்தன் வலி தாங்கிட்டு நிக்கறான், இன்னொருத்தன் அதனால மேல வர்றான். எங்க மச்சானுக்கு ஆண்டவரு பேருகூடச் சரியாத் தெரியாது. அவருக்காவ ஜெபம் பண்ணுங்க. எனக்காவவும் பண்ணுங்க."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. உபதேசியார் கையிலிருந்த கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து பாஞ்சாலி எழுந்து வெளியே போனாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்று அவன் நினைத்தான். ஜெபம் முடிகிற வரைக்கும் இருக்க முடியாமல் அவனும் பின்னாலேயே வந்தான்.

அவள் புளிய மரத்தடியில் இருந்தாள். தூக்குப் போசியைத் திறந்து, தீர்த்தகிரிக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். இடது கையால் சாப்பிடுவது அவனுக்குப் பிடிக்கவில்லை, சாப்பிட வேண்டிய வலது கை கட்டுப் போட்டு மடியில் கிடந்தது. ராஜாமணி போய் முட்டி போட்டு உட்கார்ந்தான். பாஞ்சாலி அவன் முகத்தைப் பார்த்தாள். மூன்று நாளில் முதல் தடவையாகப் பார்த்தாள். பிறகு போசியை அவன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டாள்.

அவன் ஒரு கவளம் உருட்டி மச்சான் வாயில் வைத்தான். தீர்த்தகிரி மென்றான்.

"உள்ள என்னா அவ்ளோ நேரம் பேசுன? சத்தமே காணோம்."

"சொல்லிட்டன் மச்சான். நான் ஊத்துன தண்ணியில ஆன சேறுதான்னு. உங்க மேல தப்பில்லன்னு."

"சேறுன்னு எனக்குத் தெரியுமே" என்றான் தீர்த்தகிரி. "நாக்குகிட்ட ஓடறப்ப என் காலுந்தான் வழுக்குச்சு."

ராஜாமணியின் கை போசியிலேயே நின்றுவிட்டது. "தெரிஞ்சா மறந்துட்டன்னு சொன்னீங்க?"

"வேற என்னா சொல்றது. வேட்டுக்காரன் அவனே சேறாக்கிட்டு அவனே எறங்கறான்னு நாலு ஊருக்குத் தெரிஞ்சா, உனக்கு எவன் கயிறு புடிப்பான்? மாது புடிப்பானா? எந்தத் தோட்டக்காரன் கூப்புடுவான்? என் வெரலு போனது போயிட்டுது. எம்மேல போட்டுக்கிட்டா உன் பொழப்பாவது நிக்கும்னு பாத்தன். அதையும் எல்லாருக்கும் முன்னால எழுந்து நின்னு கெடுத்துட்டு வந்திருக்கற."

ராஜாமணி அழுதான். ரோட்டில் போகிறவர்கள் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதான். கயிற்றில் தொங்கியபோது காப்பாற்றியதை அவன் அறிந்திருந்தான். அதற்குப் பிறகு மூன்று நாளும் இந்த மனிதன் கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் தப்பை மூடி மறைத்து அவனைக் காத்ததை அறியவில்லை. அறியாமலே தின்று, தூங்கி, எழுந்து நடமாடியிருக்கிறான்.

தீர்த்தகிரிக்கு அழுகிறவர்களைப் பார்த்தால் ஆகாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரோட்டுப் பக்கம் பார்த்தான்.

"சோத்த ஊட்டு, மாப்ள" என்றான். "பஸ்ஸு வந்துரும்."